உறை எண் 2184

பாடாங் செராயில் எங்கள் அடகுக்கடை.
கம்பிக்கு அந்தப் பக்கம் மூன்று தோட்டங்கள்,
இந்தப் பக்கம் நானும் தராசும்.

மதியம் ஒன்றே கால்.
தவுக்கே சுங்கை பட்டாணி பேங்குக்குப் போயிருந்தார்.
இன்பராணி வந்தாள்,
பூட்சைக்கூடக் கழற்றாமல்,
வலக்கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு.

"மீட்க வரலக்கா. பாக்க வந்தேன்."

செம்பனைக்கடியில் மருந்தடிக்கிறவள்.
களையைக் கொல்வதற்கும் எங்களிடம் பெயர் மருந்துதான்.
"மருந்து பட்டுடுச்சு" என்றாள்,
"மருந்து வேணும்" என்றாள்,
ஒரே மூச்சில்.
மண்டோர் கொடுத்த கண்ணாடி ஆவி பிடிக்குமாம்,
தொப்பிமேல் ஏற்றிவிடுவாளாம்.
நந்தியாவட்டையை இரண்டு இரவு
இமைமேல் வைத்துக் கட்டியும் பார்த்துவிட்டாள்.
"பொன் வைக்கிற எடத்துல பூ வச்சேன், கேக்கல.
பொன்னையே வைக்கணும்."

பொன் என்னிடம் இருந்தது.
பழுப்பு உறை, எண் 2184,
அரைப் பவுன் மோதிரம், உட்புறம் தேய்ந்தது,
நானூறு வெள்ளி.
இந்த ஊரில் பொன்னை வைத்தால்
வெள்ளிதான் கிடைக்கும்.
ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் எண்ணுகிறோம்.

அவளுடைய நல்ல கண்
உரைகல்மேல் விழுந்தது.
"அதுல ரெண்டு இழுப்பு இழுத்து,
தாய்ப்பால் ஒரு சொட்டு விட்டு..."
பக்கத்து வீட்டுப் பச்சை உடம்புக்காரியிடம் கேட்டு வாங்கிய பால்
யாகுல்ட் புட்டியில் கைவசம் இருந்தது.

கல்லைப் பின்னுக்கு இழுத்தேன்.
எத்தனை வீட்டுத் தாலி உரசிய கறுப்பு அது.
ஒவ்வொரு கோட்டின்மேலும் திராவகம் விட்டுத்தான்
நீ பொன்னா என்று கேட்கிறோம்.
"பொன் தாங்கும். கண் தாங்காது, ராணி."

மோதிரத்தை மட்டும் தட்டில் வைத்து
கம்பிக்கடியில் தள்ளினேன்.
பதினொரு வருட வேலையில்
சீட்டில்லாமல் வெளியே போன முதல் நகை.
போனது பத்து அங்குலம்.

உள்ளங்கையில் தேய்த்தாள்.
பம்பு பிடித்துக் காய்த்த கை,
பொன்னுக்குச் சூடேற நேரமாகவில்லை.
கண்ணை மூடி இமைமேல் வைத்தாள்.
வெளியே குலை ஏற்றிய லாரி போனது,
அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.
அவள் மூன்று முறை ஒற்றி எடுப்பதற்குள்
நான் கடிகாரத்தை நான்கு முறை பார்த்துவிட்டேன்.

"அவரு போட்டிருந்தப்பகூட
இவ்ளோ சூடா இருந்ததில்ல."
சிரித்தாளா என்று
துண்டு தெரியவிடவில்லை.

திரும்பி வந்ததை நிறுத்துப் பார்த்தேன்.
நாலு கிராம்.
பீளைக்குத் தராசு எடை காட்டவில்லை.
சட்டை நுனியில் துடைத்து உறையில் போட்டேன்.
அதே விரலால் கண்ணைக் கசக்கியிருப்பேன்,
நினைவில்லை.

மூன்றாம் நாள் எனக்குச் சிவந்தது.
நான்காம் நாள் தவுக்கேவுக்கு.
அப்படியென்றால் அது களைமருந்தே இல்லை,
அவள் சின்னவன் பள்ளியிலிருந்து கொண்டுவந்தது.
கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வட்டி எழுதிய தவுக்கே
யாரால் வந்தது என்றார்.
பசார் முழுக்க இருக்கிறது என்றேன்.
மறுநாள் பார்த்தால், பசார் முழுக்க இருந்தது.

இன்பராணிக்கு ஞாயிற்றுக்கிழமையே தெளிந்துவிட்டது.
பொன்னால் என்கிறாள்.
ஏழு நாளில் தானாகவே போயிருக்கும் என்கிறாள்
கிளினிக் நர்ஸ் நோராய்னி.
என்னிடம் பதினெட்டு வெள்ளி வாங்கிக்கொண்டு
சொட்டுமருந்து கொடுத்தவளும் அவள்தான்.

அன்று பூட்டுமுன் பெட்டகத்தைத் திறந்தேன்.
அறுநூறு சொச்சம் உறை.
இரண்டு என்னுடையவை,
இரண்டும் வளையல், இமைக்கு உதவாது.
சொட்டுமருந்து எரிந்துகொண்டிருந்தது.

2184ஐப் பிரித்து
உள்ளங்கையில் தேய்த்தேன்.
ஏர்கோன் அறை,
பேனா மட்டும் பிடித்த கை.
சூடேறவில்லை.
இன்னும் தேய்த்தேன்.